வெயிலில் வைத்த ஜாடி

ஏழாம் நம்பர் பஸ் ஓட்டும் அக்கா பழரசத்தில் சாராயம் கலக்கிறாளாம். தங்கை வீட்டு விருந்துக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர் அதைக் குடித்துவிட்டு நாற்காலியோடு சாய்ந்தாராம். இதை அவளிடம் சொன்னவன் டிப்போ மெக்கானிக். அவனுக்கு டிக்கெட் செக்கர் சொன்னார். செக்கருக்கு அவர் மனைவி சொன்னாள். அவள் முடி வெட்டிக்கொள்ளப் போன கடையில், பக்கத்து நாற்காலிப் பெண் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாளாம். இத்தனை வாய் மாறி வந்ததில் சாராயத்தின் அளவு மட்டும் வாய்க்கு வாய் கூடியிருந்தது. முடி வெட்டும் கடையில் ஒரு மூடியாக இருந்தது, மெக்கானிக்கிடம் வரும்போது அரை பாட்டில்.

"நான் நம்பலக்கா," என்றான் மெக்கானிக். அவன் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தான். குரல் பின்சக்கரத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. இந்த மாதிரி சேதியை அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிச்சல் டிப்போவில் யாருக்கும் கிடையாது.

"நம்பலைன்னா எதுக்குடா எங்கிட்ட சொல்ற?"

"மத்தவங்க சொல்லி உங்களுக்குத் தெரியறதுக்கு நானே சொல்லிடலாம்னு."

"நீயும் மத்தவன்தான். வெளிய வந்து சொல்லு."

அவன் பாதி உடம்பை மட்டும் வெளியே இழுத்தான். கன்னத்தில் கிரீஸ். "இன்னொண்ணும் சொல்றாங்கக்கா. கோவப்படாதீங்க. உங்கப்பா வீட்டுப் பின்பக்கம் ஒரு நீலத் தொட்டி வச்சு, அழுகின பழத்தையெல்லாம் போட்டு ஊற வைப்பாராம். அந்தக் கைப்பழக்கம்தான் உங்களுக்கும்னு."

டயரை உதைக்கத் தூக்கிய காலை அக்கா அப்படியே கீழே வைத்தாள். சாராயக் கதையை யார் வேண்டுமானாலும் கட்டலாம். பனைமரத்தடியில் பால் குடித்தால் கள் என்று சொல்லும் உலகம், மரமே இல்லாத இடத்திலும் சொல்லும். ஆனால் நீலத் தொட்டியை யாரும் கற்பனையில் கட்ட முடியாது. அந்தத் தொட்டியைக் கண்ணால் கண்டவர்களில் உயிரோடு இருப்பது இரண்டே பேர். ஒருத்தி இதோ டயர் பக்கத்தில் நிற்கிறாள்.

இன்னொருத்தி அவள் கூடப் பிறந்தவள்.

அவர்களுடைய அப்பா பழ மண்டியில் மூட்டை இறக்கியவர். கூலியோடு அடிபட்ட பழங்களும் வரும். பிளம்ஸ், பீச், திராட்சை, எதுவாக இருந்தாலும் ஒரு பக்கம் நல்லதும் ஒரு பக்கம் நசுங்கியதுமாக இருக்கும். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா நசுங்கிய பழங்களையெல்லாம் குளியலறைக்குப் பின்னால் இருந்த நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டி, சர்க்கரையை அள்ளிப் போட்டு, சாக்கால் மூடிவைப்பார். வெயில் ஏற ஏற அது உள்ளே முணுமுணுக்கும். அந்த வாடை வீட்டுக்குள் வந்து போர்வையிலும் தலையணையிலும் குடியிருக்கும். அது முற்றியதும் அப்பா குடிப்பார். குடித்ததும் கை நீளும்.

ஒரு கோடையில் பெரியவள் இரண்டு கையாலும் அந்தத் தொட்டியைக் கவிழ்த்தாள். சிவந்த கூழ் சாக்கடையில் ஓடியது. அன்றைக்கு வாங்கிய அடியில் இடது காது இன்றுவரை அரைகுறையாகத்தான் கேட்கிறது. சின்னவள் கதவுக்குப் பின்னால் அக்காவின் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு பல வருஷம் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள்.

அப்பாவுக்கு முன்னால் பழத்தைப் பிடுங்கிக்கொள்வதுதான் ஒரே வழி என்று பெரியவளுக்குப் புரிந்தது. மூட்டை வீட்டுக்குள் வந்ததும் கத்தியோடு உட்காருவாள். நசுங்கியதை வெட்டி எறிந்து, நல்லதைப் பிழிந்தும் வேகவைத்தும், தொட்டிக்கு ஒன்றும் மிச்சமில்லாமல் செய்துவிடுவாள். ஊரார் ஆசையில் சமையல் கற்பார்கள். அவள் ஆத்திரத்தில் கற்றாள். அதனால்தானோ என்னவோ, அவள் கைப்பக்குவத்தில் எப்போதும் ஒரு அவசரமும் ஒரு துல்லியமும் இருக்கும்.

பிறகு சின்னவளைப் படிக்கவைத்தாள், கட்டிக்கொடுத்தாள். இடையில் தனக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. நிலைக்கவில்லை. யாராவது துருவினால், "அது தப்பான ரூட். பாதியில இறங்கிட்டேன்," என்பாள். லைசென்ஸ் எடுத்து பஸ் ஓட்டப் போனாள். காலையில் வண்டியை எடுக்கும் முன் எல்லா டிரைவர்களும் ஒரு கருவியில் ஊத வேண்டும். குடித்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். மற்றவர்கள் அலுத்துக்கொண்டு ஊதுவார்கள். அவள் நிமிர்ந்து நின்று, பிறந்தநாள் மெழுகுவத்தியை ஊதுவதுபோல ஊதுவாள். பூஜ்யம் காட்டியதும் அதைத் திருப்பிப் பக்கத்தில் நிற்பவருக்கும் காட்டுவாள்.

டிப்போவில் வருஷத்துக்கு ஒருமுறை கோடை விருந்து உண்டு. கோடைக்கால நேர அட்டவணை மாறும் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஷிப்ட் முடித்தவர்களும் அடுத்த ஷிப்ட் தொடங்குகிறவர்களும் பெரிய ஷெட்டில் ஒன்றுசேர்வார்கள். காலைப் பலகாரத்துக்குத் தாமதம், மதியச் சாப்பாட்டுக்கு அவசரம், இரண்டுக்கும் நடுவே ஒரு நேரம். அந்த நேரத்துக்குக் கனமாக எதுவும் இறங்காது. பழம்தான் இறங்கும். அக்காவின் மேஜை அதனால்தான் பேர் வாங்கியது. தர்பூசணித் துண்டுகளில் உப்பும் எலுமிச்சையும் புதினாவும். பாதியாக வெட்டிய பீச் பழத்தை இரும்புத் தட்டில் முகம் கருக வாட்டி, மேலே தேன். கெட்டித் தயிரில் கொட்டை நீக்கிய செர்ரி. ஸ்ட்ராபெரியில் பொடித்த மிளகு. முதலில் முகம் சுளித்தவர்கள்தான் கடைசியில் தட்டை வழிப்பார்கள். எல்லாவற்றுக்கும் நடுவே குழாய் வைத்த பெரிய கண்ணாடி ஜாடி, நிறைய பிளம்ஸ் சாறு.

அந்தச் சாற்றுக்கு அவளிடம் ஒரு சட்டம் உண்டு. கசக்கிய பழம் தனி, சர்க்கரைப் பாகு தனி. ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் இரண்டையும் சேர்க்க வேண்டும். அதுவரை இரண்டும் குளிரில் இருக்க வேண்டும். "பழமும் சர்க்கரையும் சபையிலதான் சந்திக்கணும். தனியா விட்டா ரெண்டும் சேர்ந்து குடும்பத்தையே நாறடிச்சிடும்," என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அது ஜோக் இல்லை என்பது சின்னவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

மெக்கானிக் சொன்ன மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டு அனுப்பினார். பாம்பும் சாகக்கூடாது, கம்பும் நோகக்கூடாது என்று காலம் தள்ளுகிறவர். அவள் உள்ளே வந்ததும் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு புழுங்குகிறது என்று அவரே திறந்தார்.

"உக்காருங்கம்மா. ஒரு சின்ன விஷயம்."

"நின்னுக்கிட்டே கேக்கறேன். சின்ன விஷயம்தானே."

"ஒரு போன் வந்துச்சு. பேர் சொல்லல. வயசான அம்மா குரல். நீங்க வீட்டுலயே சரக்கு காய்ச்சறீங்க, அதைக் குடிச்சிட்டு வண்டி ஓட்டறீங்கன்னு."

"இன்னிக்குக் காலையில ஊதினேன். என்ன காட்டுச்சு?"

"பூஜ்யம்."

"நேத்து?"

"அம்மா, எனக்குத் தெரியாதா. ஆனா புகார்னு வந்துட்டா நான் மேல அனுப்பியே ஆகணும். அது முடியற வரைக்கும் நீங்க வண்டி எடுக்க வேண்டாம். தொலைஞ்ச சாமான் ரூம்ல இருங்க. நிழலான இடம், ஃபேன் இருக்கு."

"ஃபேன் கேட்டேனா நான்?"

அவர் மேஜை மேலிருந்த பேனாவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தார். "அந்த விருந்து நடந்த வீட்டுக்காரங்க யாராவது, இப்படி இல்ல, இதுதான் நடந்துச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். நான் அப்படியே முடிச்சு விட்டுடறேன். உங்க தங்கச்சி வீடுதானே?"

"ஆமா. தங்கச்சி வீடு."

"அப்புறம்... இந்த ஞாயித்துக்கிழமைக்கு ஜூஸ் கடையில வாங்கிடலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்தான்," என்றார் அவர், தன்னையும் அதில் சேர்த்துக்கொண்ட வெட்கத்தோடு.

தொலைந்த சாமான் அறையில் ஒற்றைச் செருப்புகள், குடைகள், குழந்தையின் ஒரு கையுறை, மூடி திறக்க யாருக்கும் தைரியம் வராத சாப்பாட்டு டப்பாக்கள். அவற்றுக்கு நடுவே அக்காவை உட்காரவைத்தார்கள். கம்பிக் கதவுக்கு வெளியே அவளுடைய ஏழாம் நம்பர் வேறொருவன் கையில் உறுமிக்கொண்டு போனது. இரண்டாவது கியரில் அவன் இழுத்த இழுப்பைக் கேட்டு அவளுக்குப் பல் கூசியது. செக்கர் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, தொலைஞ்ச சாமான் லிஸ்ட்ல உங்களையும் சேர்த்துட்டாங்களா?"

"மானம் தொலைஞ்சவங்க வந்து தேடுவாங்களாம். அதான் உக்காந்திருக்கேன். உங்களுது எது, சொல்லுங்க, எடுத்துத் தர்றேன்."

அவர் அதற்கப்புறம் வேறு வழியாகப் போனார்.

வேலை முடிந்ததும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். ஏழாம் நம்பரிலேயே, டிக்கெட் வாங்கிக்கொண்டு, நின்றபடி. டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு இன்னும் மோசமாக ஓட்டினான். ஒவ்வொரு பிரேக்குக்கும் அவள் கால் தானாகத் தரையை அழுத்தியது.

சின்னவளின் வீடு மூன்றாவது மாடி. சமையலறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. மதியம் திரும்பினால் வெயில் நேரே உள்ளே வந்து அடுப்பு மேடைவரை உட்காரும். அக்கா உள்ளே நுழைந்து செருப்பைக் கழற்றியதுமே அந்த ஜன்னலைத்தான் பார்த்தாள். ஜன்னலடி வெள்ளைக் கட்டையில் வட்டமாக ஒரு இளஞ்சிவப்புக் கறை. ஜாடியின் அடிப்பாகம் எவ்வளவு அகலமோ அவ்வளவு.

அவள் அந்த ஜாடியைக் கொண்டுவந்து கொடுத்தது விருந்துக்கு இரண்டு நாள் முன்னால். விருந்தன்று அவளுக்கு டியூட்டி. மாப்பிள்ளைக்கு, அதாவது தங்கை கணவனுக்கு, ஆபீஸ் மேலதிகாரி முதல்தடவை வீட்டுக்கு வருகிறார் என்பதால் சின்னவள் பரபரப்பாக இருந்தாள். பழம் தனி, பாகு தனி, இரண்டும் ஃப்ரிட்ஜில் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் அக்கா போனாள். அன்று மாலை சின்னவள் தன் போனில் முகப்புப் படத்தை மாற்றியிருந்தாள். ஜன்னலில் ஜாடி, பின்னால் வெயில், உள்ளே மாணிக்கம்போல் எரியும் சிவப்பு. அக்கா அதைப் பார்த்துவிட்டு, என் கை செய்தது என்று பூரித்துப்போய் ஒரு இதயத்தை அனுப்பியிருந்தாள். வெயிலைக் கவனிக்கவில்லை. அந்த இதயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் தேவலை என்றிருந்தது இப்போது.

"காபி போடட்டுமாக்கா?"

"ஃப்ரிட்ஜுல ஏண்டி வைக்கல?"

பக்கத்து அறையில் சின்னவளின் மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் சட்டென்று ஒரு படி இறங்கியது.

"இடமில்லக்கா. அத்தை கேக் செஞ்சு வச்சிருந்தாங்க, நாலு தட்டு. எடுங்கன்னு சொல்ல முடியுமா?"

"ஜன்னல்ல வைக்கச் சொன்னது யாரு?"

"சும்மாதான் வச்சேன். வெயில் பட்டதும் ஒரு கலர் வந்துச்சு பாரு. மாடி வீட்டுக்காரங்க எல்லாம் படத்தைப் பார்த்துட்டு கேட்டாங்க. அப்படியே இருக்கட்டும்னு..."

"பாகு?"

சின்னவள் அடுப்பைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "அப்பவே ஊத்திட்டேன். ஊத்தினாதான் கலர் தூக்கலா இருந்துச்சு."

"ரெண்டு நாள் வெயில்ல. சர்க்கரையோட. மூடி போட்டு."

"ம்."

"மூடியைத் திறந்தப்ப சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"நுரை?"

"வந்துச்சு."

"வாடை?"

டிவி இன்னும் ஒரு படி இறங்கியது. இப்போது அதில் யாரோ கிணற்றுக்குள்ளிருந்து செய்தி வாசித்தார்கள்.

"உனக்குத் தெரியாத வாடையாடி அது?" என்று அக்கா கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் சின்னவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சுதுக்கா. மூக்குல பட்டதுமே தெரிஞ்சுது. ஆனா ஆளுங்க வந்து உக்காந்துட்டாங்க. இன்னுமா ஆகலன்னு அத்தை குரல் கொடுத்துக்கிட்டே இருந்தாங்க. வெயில்ல வந்தவங்களுக்கு வேற குடிக்கக் கொடுக்க ஒண்ணும் இல்ல. லேசாத்தானே இருக்கு, ஐஸைப் போட்டா தெரியாதுன்னு நினைச்சேன்."

"அந்த மனுஷன் சாய்ஞ்சுட்டாராமே."

"யாரு சொன்னது? சாயல்லாம் இல்ல." சின்னவள் துணியைக் கீழே வைத்தாள். "அவரு ரொம்ப நாளா குடியை விட்டிருக்காராம், ரொம்பக் கஷ்டப்பட்டு. எங்களுக்கு அப்பத் தெரியாது. ஒரு வாய் வச்சாரு. கிளாஸை அப்படியே கீழ வச்சிட்டாரு. கை நடுங்குச்சுக்கா. யாரு செஞ்சதுன்னு மட்டும் கேட்டாரு. சாப்பிடாமயே எழுந்து போயிட்டாரு."

அக்காவுக்கு ஒரு கணம் அந்த முகம் தெரியாத மனிதர்மேல் கோபம் கலந்த ஒரு பரிதாபம் வந்தது. தன் பழத்தால் ஒரு ஆளுக்கு அந்தக் கை நடுக்கம். அதுவும் தன் கணக்கில்.

"யாரு செஞ்சதுன்னு கேட்டாரா. நீ என்ன சொன்னே?"

"எங்க அக்கான்னு."

"அவ்வளவுதானா?"

"அவ என்ன கலந்தான்னு எனக்குத் தெரியாதுன்னும் சொன்னேன்."

குக்கரின் மேல் இருந்த விசில் குண்டை அக்கா எடுத்தாள், பார்த்தாள், திரும்ப வைத்தாள். எதையாவது எறியாமல் இருக்க அவளுக்கு அப்போது அது தேவைப்பட்டது.

"நீலத் தொட்டி?"

"அத்தை அப்புறம் கேட்டாங்க, உங்க வீட்டுல யாருக்காவது இந்தப் பழக்கம் உண்டான்னு. ஏதோ வாய் தவறி வந்துடுச்சு."

"வாய் தவறினா ஒரு வார்த்தை வரும். தொட்டி, அதோட நீலம், அழுகின பழம், வீட்டுப் பின்பக்கம், எல்லாமேவாடி வரிசையா வரும்?" அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். "சரி, எல்லாத்தையும் சொன்னியே. அதைக் கவுத்தது யாருன்னு சொன்னியா?"

சின்னவள் கீழே வைத்த துணியை மறுபடி எடுத்து மடித்தாள். டிவி இப்போது நின்றுவிட்டிருந்தது.

"டிப்போவுக்கு போன் போட்டது யாரு?"

சின்னவள் கண்ணால் மட்டும் பக்கத்து அறையைக் காட்டினாள். பிறகு ரகசியக் குரலில், ஆனால் அவளும் கோபமாகத்தான், பேசினாள். "உனக்கென்னக்கா. நீ தனி ஆள். கோவம் வந்தா கதவை அறைஞ்சுட்டு உன் வீட்டுக்குப் போயிடலாம். நான் எங்க போறது? என் வீட்டுக்காரருக்கு இந்த மாசம் ஆபீஸ்ல பதவி உயர்வு முடிவு பண்ணப் போறாங்க. தெரிஞ்சே புளிச்சதை ஊத்திக் குடுத்தவ உன் பொண்டாட்டிதான்னு அவரு காதுல விழுந்தா என்ன ஆகும்? அத்தை என்னை நாளைக்கு எழுந்திரிக்க விடுவாங்களா? உன் மேல யாரு கை வைக்க முடியும், உன்னைப் பார்த்தாலே எல்லாரும் ஒதுங்கறாங்க. அதான் உன் பேரைச் சொன்னேன். நீ தாங்குவேன்னு சொன்னேன்."

அதில் இருந்த உண்மைதான் அக்காவை அதிகமாகச் சுட்டது. தாங்குகிறவள் தலையில்தான் எல்லாரும் மூட்டையை இறக்குவார்கள். மூட்டை சுமக்கும் வேலையை அப்பா மண்டியில் செய்தார், இவள் வீட்டில் செய்துகொண்டிருக்கிறாள்.

"என் வண்டியைப் பிடுங்கிட்டாங்க," என்றாள். "செருப்புக்கும் குடைக்கும் நடுவுல உக்கார வச்சிருக்காங்க. அது உனக்குத் தெரியுமா?"

சின்னவளின் முகம் வெளுத்தது. தெரியாது என்பது அதிலேயே தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை ஷெட்டுல எல்லாரும் இருப்பாங்க. சூப்பர்வைசர் முன்னாடி வச்சு உனக்கு போன் போடுவேன். நடந்ததை நடந்த மாதிரி சொல்லு. உங்க மேலதிகாரி கிட்ட சொல்ல வேண்டாம், உன் மாமியார் கிட்ட சொல்ல வேண்டாம். அந்த ஷெட்டுல சொல்லு போதும்."

"அது சுத்திச் சுத்தி இங்கதானேக்கா வரும்."

"நீ சொன்னது சுத்திச் சுத்தி எங்கிட்ட வரலையா?"

சின்னவள் திரும்பி, மேல் அலமாரியிலிருந்து கழுவிக் கவிழ்த்திருந்த ஜாடியை எடுத்து, குழந்தையைச் சுற்றுவதுபோல் ஒரு துண்டில் சுற்றி அக்காவின் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் விரல்கள் அக்காவின் மணிக்கட்டில் பட்டன. பழைய பழக்கத்தில் ஒரு நொடி பிடித்தன. அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

வாசலில் மாமியார் வந்து நின்றார். "கிளம்பிட்டீங்களா? ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாமே."

"இருக்கட்டும் அத்தை. டிவி நல்லா கேட்டுச்சா?"

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பழங்களோடு மல்லுக்கு நின்றாள். ஒவ்வொரு பிளம்ஸையும் மூக்கில் வைத்துப் பார்த்தாள். வாடையில் துளி சந்தேகம் வந்தாலும் வாளிக்குள் எறிந்தாள். தோலின் மேல் இருக்கும் வெள்ளைப் பூச்சை ஈரத்துணியால் துடைத்தாள். அந்தப் பூச்சிலிருந்துதான் புளிப்பு தொடங்குகிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பார்த்து அவளே கண்டுகொண்டது. கொட்டைகளைப் பிடுங்கிய வேகத்தில் சாறு முழங்கைவரை தெறித்தது. பாகை வேறு பாத்திரத்தில் காய்ச்சி ஆறவைத்தாள். ஜாடிக்குள் ஐஸை நிரப்பும்போது மெக்கானிக் சாமான் தூக்க வந்தான்.

"அக்கா, அந்தப் படம் இருக்குல்ல, ஜன்னல்ல ஜாடி. உங்க தங்கச்சி போட்டது. அதைச் சூப்பர்வைசர்கிட்ட காட்டினா வேலை முடிஞ்சுதே. தேதி கூட இருக்கும்."

"காட்ட மாட்டேன்."

"ஏங்க்கா?"

"என் மேல பழி போட்ட வாய் இருக்கில்ல, அந்த வாய்தான் இல்லைன்னும் சொல்லணும். படம் பேசி என் பேரு திரும்ப வர வேணாம்."

"இதுக்குப் பேரு பிடிவாதம்."

"தெரிஞ்சா சரி. அந்தத் தர்பூசணியைத் தூக்கு. வயித்துல இடிக்காம தூக்கு, கன்றினா இனிப்பு போயிடும்."

ஷெட்டில் ஒரு மேஜை முழுக்கக் கடை ஜூஸ் பாட்டில்கள். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று சிக்னல் விளக்குபோல் வரிசையாக நின்றன. அவள் அதற்குப் பக்கத்திலேயே தன் மேஜையைப் போட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. வாட்டிய பீச், தயிரில் செர்ரி, மிளகு போட்ட ஸ்ட்ராபெரி. பஸ் கழுவுகிறவர்கள் முதலில் வந்தார்கள். தர்பூசணியில் என்ன கலக்க முடியும் என்ற தைரியத்தில் அதை எடுத்தார்கள். பிறகு பீச்சையும். கண்கள் மட்டும் ஜாடியை விட்டு விலகியே இருந்தன.

எல்லாரும் பார்க்க அவள் பழக்கூழில் பாகை ஊற்றிக் கலக்கினாள். ஒரு கிளாஸைப் பிடித்துக் குழாயைத் திருகினாள்.

"யாருக்கு?"

பஸ் கழுவுகிறவர்கள் இன்னொரு தர்பூசணித் துண்டை எடுத்தார்கள். செக்கர் வாயில் செர்ரியோடு சொன்னார். "ஒரு சந்தேகம்க்கா. குடிச்சிட்டு ஊதணுமா, ஊதிட்டுக் குடிக்கணுமா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் அந்தக் கிளாஸை ஒரே மூச்சில் குடித்தாள். உதட்டைப் புறங்கையால் துடைத்தாள். "சூப்பர்வைசர் சார், அந்த மெஷினைக் கொண்டு வாங்க."

"எதுக்கும்மா இதெல்லாம், விருந்து நேரத்துல."

"விருந்துக்குத்தானே வந்துச்சு வில்லங்கம். கொண்டு வாங்க."

மெக்கானிக் ஓடிப்போய் எடுத்துவந்தான். அவள் நிமிர்ந்து நின்று ஊதினாள். ஷெட்டே எட்டிப் பார்த்தது. பூஜ்யம். அதை ஒவ்வொருவர் முகத்துக்கு நேரேயும் பிடித்துக் காட்டிக்கொண்டு போனாள், கடைசியாகச் செக்கரிடம்.

"இன்னிக்கு சுத்தம்தான். நான் இல்லேன்னு சொல்லலையே," என்றார் அவர். "பிரச்சினை அன்னிக்கு ஜாடியில என்ன இருந்துச்சுங்கறதுதானே."

சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். அது நியாயமான கேள்விதான் என்பது அவர் பார்வையிலேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் இவரும் பேச்சை மாற்றிவிடுவார், இந்த ஞாயிறு கழிந்துவிடும், ஒற்றைச் செருப்புகளோடு கோடை முழுக்கப் போய்விடும்.

"அன்னிக்கு வீட்டுல இருந்தவளையே கேளுங்க," என்றாள் அக்கா.

போனை எடுத்தாள். கையில் பிளம்ஸ் சாறு பிசுபிசுத்தது. திரை சொன்னதைக் கேட்கவில்லை. புடவையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். ஸ்பீக்கரைப் போட்டு, பிளம்ஸ் கொட்டைகள் குவிந்திருந்த தட்டுக்குப் பக்கத்தில் மேஜையின் நடுவே வைத்தாள். தங்கையின் எண்ணுக்கு மேலே அந்த முகப்புப் படம் பெரிதாக வந்து நின்றது. அவள் இன்னும் அதை மாற்றவில்லை. ஜன்னல், வெயில், எரியும் சிவப்பு. குனிந்து பார்த்த சூப்பர்வைசர், "அழகா இருக்கே," என்றார், ஒன்றும் புரியாமல். மெக்கானிக் வாயைத் திறந்தான். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

மணி அடித்தது. செக்கர் மெல்லுவதை நிறுத்தினார். வெளியே கழுவும் குழாயை யாரோ அடைத்தார்கள். அதனால் மணி இன்னும் பெரிதாகக் கேட்டது. அந்த வீட்டில் போன் எப்போதும் அடுப்பு மேடையில், ஜன்னல் பக்கமாகத்தான் இருக்கும். அது அதிர்ந்தபடி கட்டையின் கறையை நோக்கி நகர்வதும், பக்கத்து அறையில் டிவி ஒரு படி இறங்குவதும், சின்னவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நிற்பதும் அக்காவுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"எடுடி," என்றாள், பல்லுக்குள்.

அடுத்த மணி அடித்தது. அதற்கடுத்ததும். சூப்பர்வைசர், "அப்புறமா பேசிக்கலாமேம்மா," என்று போன் பக்கம் கையைக் கொண்டுபோனார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ஜாடிக்குள் ஐஸ் கரைந்து சரிந்தது. மேஜையின் இரண்டு விளிம்பையும், ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் இறுகப் பிடித்துக்கொண்டு, அவள் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்துக்கொண்டிருந்தது.